சிஆர்பி நார்மல்

சிஆர்பி பரிசோதனையை நான் கற்றுக்கொண்ட காலத்தில் அது ஒரு கறுப்பு ஸ்லைடில் நடக்கும். சீரம் ஒரு சொட்டு, லேடெக்ஸ் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி, ஸ்லைடைக் கையில் வைத்து இரண்டு நிமிடம் மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட வேண்டும். வெள்ளைத் துகள்கள் திரண்டு வந்தால் பாசிட்டிவ், வராவிட்டால் நெகட்டிவ். லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான் திரளும் என்பது அந்த கிட்டின் கணக்கு. 1930-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்ட புரதம் அது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் அதைக் கொட்டும். மதுரையில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருந்த எனக்கு அந்த ஸ்லைடின் மேல் பெரிய மரியாதை. நோயாளி கூட்டிச் சொல்வார், டாக்டர் அவசரத்தில் பாதிதான் கேட்பார். ஸ்லைடுக்கு அந்த இரண்டுமே தெரியாது.

தம்பி நகைப் பட்டறையில் கல் பதிப்பவன். தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்தில், மாடியில், ட்யூப் லைட்டுக்குக் கீழே நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் வேலை. ஒரு நாள் வலது கண் சிவந்து வந்து நின்றான். மெட்ராஸ் ஐ என்று சொல்லிப் பட்டறையில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டும், மணல் விழுந்தாற்போல் உறுத்தும். இவனுக்குப் பீளையே இல்லை. வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஆழத்தில் குத்துகிறது என்றான். கருவிழியைச் சுற்றி மட்டும் சிவப்பு வளையம். மெடிக்கலில் வாங்கிய சொட்டு மருந்து ஒன்றும் செய்யவில்லை. கண் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பாப்பா வட்டமாக இல்லை; ஓரிடத்தில் லென்ஸோடு ஒட்டிக்கொண்டு கோணலாக இழுத்திருந்தது.

“காலைல எந்திரிச்சதும் இடுப்பு பிடிச்சுக்குதா? நடமாடினா சரியாயிடுதா?” டாக்டரம்மா முதலில் கேட்டது இதைத்தான். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். இடுப்பு வலி அவனுக்குப் பல வருடமாக உண்டு. குனிந்து செய்கிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் தீர்மானித்திருந்தோம். அவர் எச்எல்ஏ-பி27 பரிசோதனை எழுதிக் கொடுத்தார். முதுகெலும்பு இறுகிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோய்க்கும் அந்த மரபு அடையாளத்துக்கும் உள்ள தொடர்பை 1973-இல் லண்டனில் ப்ரூவர்ட்டன் குழுவும் லாஸ் ஏஞ்சலஸில் டெராசாகி குழுவும் தனித்தனியாகக் கண்டன. அதே வருடம் ப்ரூவர்ட்டன் கண்ணையும் இந்தக் கணக்கில் சேர்த்தார். கண்ணுக்குள் வரும் அழற்சிக்கு யுவியைட்டிஸ் என்று பெயர்; திடீரென்று வரும் முன்பக்க யுவியைட்டிஸ்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இந்த அடையாளம் இருக்கும். தம்பிக்கும் இருந்தது.

அழற்சியைக் காட்டும் பரிசோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டையும் அவனுக்கு என் லேபிலேயே செய்தேன். கண் ரத்தச் சிவப்பாக இருந்த அன்று எடுத்த ரத்தம். இரண்டும் நார்மல். கிட் கெட்டுப்போயிருக்கும் என்று கன்ட்ரோல் போட்டுப் பார்த்தேன். கிட் சரியாகவே இருந்தது. ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டியபோது டாக்டரம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு, “வாங்க, நீங்களே பாருங்க” என்று ஸ்லிட் லேம்பில் மாணவர்களுக்காக வைத்திருந்த பக்கக் குழாயைக் காட்டினார்.

ஓட்டு வீட்டில் கூரைச் சந்து வழியாக இறங்கும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்போம். அதுதான். கருவிழிக்கும் பாப்பாவுக்கும் நடுவே, சாய்வாக விழுந்த வெளிச்சக் கீற்றில் வெள்ளணுக்கள் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. டாக்டர்கள் அவற்றை எண்ணுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கீற்றில் 6 முதல் 15 வரை தெரிந்தால் ஒரு ப்ளஸ், 16 முதல் 25 வரை இரண்டு ப்ளஸ், 50-ஐத் தாண்டினால் நாலு ப்ளஸ். 2005-இல் உலகம் முழுதும் உள்ள யுவியைட்டிஸ் மருத்துவர்கள் சேர்ந்து ஒத்துக்கொண்ட அளவு அது. தம்பிக்கு மூன்று ப்ளஸ் என்று எழுதினார். நான் லேபில் நியூபவர் சேம்பரில் வெள்ளணு எண்ணுபவள். இங்கே உயிரோடு இருக்கும் கண்ணுக்குள்ளேயே ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

நார்மல் ரிப்போர்ட்டுக்குக் காரணம் கொள்ளளவுதான். கண்ணின் முன்னறையில் இருக்கும் திரவம் மொத்தமே கால் மில்லிலிட்டர். அதற்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு வேறு. அந்தச் சின்ன இடத்தில் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் கல்லீரலுக்குச் சேதி போய்ச் சேரும் அளவுக்கு ரத்தத்தில் எதுவும் கசிவதில்லை. டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம் இன்டர்லூகின்-6-ஐக் கிளப்பிவிட வேண்டும், அது கல்லீரலைத் தட்ட வேண்டும், பிறகுதான் சிஆர்பி. மூட்டிலும் நுரையீரலிலும் இந்தச் சங்கிலி நன்றாக ஓடும்.

சொட்டு மருந்திலும் வைசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையிலும் முதல் தடவை அடங்கியது. பிறகு இடது கண். மறுபடி வலது. ஸ்டீராய்டு முகத்தை உப்பவைத்தது, சர்க்கரையை ஏற்றியது. இத்தனைக்கும் நடுவில் கண் அழுத்தமும் கூடியது. நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள், மறுநாள் ஃபோலிக் ஆசிட். அதிலும் நிற்கவில்லை. வந்து போய்க்கொண்டிருந்தது ஒரு கட்டத்தில் போகாமலே தங்கிவிட்டது; விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் நீர் கோத்தது. முதுகும் மோசமாகியிருந்தது. அப்போது சிஆர்பி உயர்ந்துதான் இருந்தது, ஆனால் அது முதுகின் சிஆர்பி. மூட்டு டாக்டர் டிஎன்எஃப்பை அடக்கும் பயாலஜிக் ஊசி தொடங்கலாம் என்றார்.

அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை. உடம்பில் தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி அரண் கட்டிக் காவல் நிற்பதில் டிஎன்எஃப்புக்கும் பங்கு உண்டு. டிஎன்எஃப்பை அடக்கினால் அரண் தளரும். அந்த வகை ஊசியான இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வறிக்கை பட்டியலிட்ட பிறகு, பரிசோதிக்காமல் இந்த ஊசியை யாரும் தொடுவதில்லை. நம் ஊரில் அதிலும் ஒரு சிக்கல். பிசிஜி போட்ட கைகள், கிருமியோடு பழகிய நெஞ்சுகள். காசநோய்க்காகக் கையில் போடும் மாண்டூ ஊசி தடித்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? தம்பிக்கு நன்றாகவே தடித்தது. இன்டர்ஃபெரான்-காமா பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினோம், அதுவும் பாசிட்டிவ். சிடி ஸ்கேனில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. காசநோய்க்கான ஐஎன்எச் மாத்திரையை முதலில் தொடங்கி, சில வாரம் கழித்து ஊசி. காசநோய் ஆபத்து ஒப்பளவில் குறைவு என்பதால் மூட்டு டாக்டர் எட்டனர்செப்டைத் தேர்ந்தெடுத்தார். அந்த மாண்டூ தடிப்பைக் கையில் பார்த்த யாரும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

முதுகுக்கு அது அற்புதம் செய்தது. காலையில் கட்டிலைப் பிடித்து எழுந்தவன் சும்மா எழுந்து நடந்தான். முன்பு இருபதுக்கு மேல் போயிருந்த சிஆர்பி ஒன்றுக்கும் கீழே இறங்கியது. அதற்குள் லேபில் மிஷின் வந்திருந்தது, தசமப் புள்ளியோடு சொல்லும். அந்த ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்த வாரத்திலேயே தம்பி பட்டறையிலிருந்து போன் செய்தான். “அக்கா, கல்லு ரெண்டு ரெண்டாத் தெரியுது. கண்ணு மறுபடி குத்துது.”

விளக்குக் கீற்றில் மறுபடியும் மூன்று ப்ளஸ்.

இது தம்பிக்கு மட்டும் நடந்தது அல்ல. எட்டனர்செப்ட் என்பது டிஎன்எஃப்பைப் பிடிக்கும் ஏற்பியை ஆன்டிபாடியின் வாலோடு ஒட்டிச் செய்த மருந்து. ரத்தத்தில் சுற்றித் திரியும் டிஎன்எஃப்பை நன்றாக உறிஞ்சும். அடலிமுமாபும் இன்ஃப்ளிக்ஸிமாபும் முழு ஆன்டிபாடிகள். அவை சுற்றித் திரிவதை மட்டுமல்லாமல், செல்லின் மேல்தோலில் ஒட்டி நிற்கும் டிஎன்எஃப்பையும் இறுகப் பிடித்து அந்தச் செல்லையே அடக்கும். மூட்டுக்கு முதல் வகையே போதும். கண்ணுக்குப் போதவில்லை, கிரோன்ஸ் என்ற குடல் நோய்க்கும் போதவில்லை. எட்டனர்செப்ட் போடும்போது புதிதாகவே யுவியைட்டிஸ் வந்தவர்களும் உண்டு. ஒரே டிஎன்எஃப், அதைத் தடுக்கும் இரண்டு வகை மருந்து, இரண்டிலும் சிஆர்பி ஒரே மாதிரி இறங்குகிறது. காகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

அன்றிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: இது எங்கே உற்பத்தியானது, எந்த வழியாக இங்கே வந்தது, அந்த வழியில் இப்போது மருந்து குறுக்கே நிற்கிறதா? பயாலஜிக் உள்ளே போன பிறகு பழைய எண்ணுக்குப் பழைய அர்த்தம் இல்லை. லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல் ரேஞ்ச்’ என்று ஒரு கட்டம் போடுகிறோமே, அது இந்த மருந்துகள் எதுவும் உடம்பில் இல்லாதவர்களை வைத்துப் போட்ட கட்டம். இதை எந்த ரிப்போர்ட்டின் அடியிலும் அச்சிடுவதில்லை.

அடலிமுமாபுக்கு மாறினோம். இந்த வகை மருந்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. டிஎன்எஃப்பை ஓர் ஆன்டிபாடியால் அடைத்தால் மூட்டுவாதம் அடங்கும் என்று லண்டனில் காட்டியவர்கள் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும். 1992-இல் முதல் நோயாளிகளுக்குப் போட்டார்கள். ஊசி போட்ட சில நாளிலேயே சிஆர்பி சரிந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த முதல் நல்ல சேதிகளில் ஒன்று. அந்த மருந்தில் எலியின் பகுதி கொஞ்சம் இருந்தது. முழுக்க மனித ஆன்டிபாடியாகவே செய்ய வழி காட்டிய கிரிகரி வின்ட்டருக்கு 2018-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த வழியில் வந்ததுதான் அடலிமுமாப். யுவியைட்டிஸுக்கு அமெரிக்கா அதை அனுமதித்தது 2016-இல். 217 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வரும்போது நோய் திரும்பும் வரையான நடு அளவுக் காலம் வெறும் ஊசி போட்டவர்களுக்கு 13 வாரம், மருந்து போட்டவர்களுக்கு 24 வாரம். டாக்டரம்மா ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்: அந்த ஆய்வில் முன்பக்க யுவியைட்டிஸ் மட்டும் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, தம்பிக்கு முதுகு நோயும் மாக்குலா வீக்கமும் இருப்பதால்தான் தைரியமாகத் தருகிறேன் என்று.

விலைதான் பெரிய பேச்சாக இருந்தது. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் காடிலா அடலிமுமாபின் நிகர் மருந்தை இந்தியாவில் வெளியிட்டிருக்காவிட்டால் எங்களுக்கு இந்த வழியே இல்லை. அப்போது அமெரிக்க விலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கே அடகுக் கடை, சீட்டுப் பணம், என் பிஎஃப். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மில்லிகிராம், தொப்புளை விட்டுத் தள்ளி வயிற்றிலோ தொடையிலோ. ஊசியை இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. தம்பி வீட்டில் மத்தியானக் கரண்ட் கட் நிச்சயம். ஆகவே பெட்டி எங்கள் லேப் ஃபிரிட்ஜின் மேல்தட்டில், தனி டப்பாவில் இருந்தது. அங்கே இன்வெர்ட்டரும் உண்டு, காலையும் மாலையும் வெப்பநிலை எழுதும் சார்ட்டும் உண்டு. ஊசியை நானே போட்டுவிடுவேன்.

இரண்டு மாதத்தில் செல் அரை ப்ளஸுக்கு வந்தது, பிறகு பூஜ்யம். ஓசிடி ஸ்கேனில் மாக்குலாவின் வீக்கம் வடிந்தது. சிஆர்பி முன்பு எட்டனர்செப்டில் இருந்த அதே இடத்தில், ஒன்றுக்குக் கீழே.

அடுத்த வருடம் ஒரு வேடிக்கை. உடம்பு தன் செல்களின் கருவுக்கே எதிராகச் செய்யும் ஆன்டிபாடியைத் தேடும் ஏஎன்ஏ பரிசோதனை, வேறு எதற்கோ எழுதியது, பாசிட்டிவாக வந்தது, முதலில் நெகட்டிவாக இருந்தது. ஏஎன்ஏ என்றால் எங்கள் லேபில் எல்லோருக்கும் லூபஸ் பயம். டாக்டரம்மா தம்பியின் முகத்தில் தடிப்பு இருக்கிறதா, புதிதாக மூட்டு வலி உண்டா, வாய்ப்புண் உண்டா என்று கேட்டார். சிறுநீரில் புரதம் பார்த்தார். எதுவும் இல்லை. டிஎன்எஃப்பை அடக்கினால் பலருக்கு இப்படி ஏஎன்ஏ முளைக்கும், நிஜமான லூபஸ் வருவது அபூர்வம் என்றார். ஃபைலில் குறித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஆள் நன்றாக இருக்கிறான், காகிதத்தில் மட்டும் புது நோய். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

டாக்டரம்மாவைப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையில் ஒரு தாயும் பெண் குழந்தையும் அடிக்கடி எங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைக்கு முழங்கால் வீக்கத்தோடு தொடங்கிய வாதம். கண் வெள்ளையாகவே இருக்கும், வலிக்காது, சிவக்காது, உள்ளே மட்டும் எரிந்துகொண்டிருக்கும். குழந்தைகளுக்கு வரும் இந்த வகையில் மெத்தோட்ரெக்ஸேட்டோடு அடலிமுமாபும் சேர்த்தால் எவ்வளவு மாற்றம் என்பதை பிரிட்டனில் 90 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது. சிகிச்சை தோற்றது அடலிமுமாப் பெற்றவர்களில் 27 சதவீதம், பெறாதவர்களில் 60. இந்தக் குழந்தைக்கு முதலில் அது கேட்டது, பிறகு கேட்கவில்லை. மருந்துக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி செய்துகொண்டுவிட்டது. இன்டர்லூகின்-6-இன் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாபுக்கு மாற்றியிருந்தார்கள். “இப்பல்லாம் சிஆர்பி எப்பவும் ஜீரோதாக்கா,” என்றாள் அந்தத் தாய். “ஆனா காய்ச்சல் வந்தா ரொம்பப் பயமா இருக்கு. அப்பவும் ஜீரோதான் காட்டுது.” அவளுக்கு யார் சொன்னார்களோ, சரியாகவே புரிந்துவைத்திருந்தாள். கல்லீரலைத் தட்டும் கையையே மருந்து பிடித்துக்கொண்டிருக்கும்போது நிமோனியா வந்தாலும் சிஆர்பி ஏறாமல் போகலாம். வார்டில் இருக்கும் ஜூனியர் டாக்டருக்கு இது தெரியாவிட்டால் ஆபத்து.

இதன் மறுபக்கத்தை 2021 மே மாதம் லேபிலேயே பார்த்தேன். கோவிட் இரண்டாம் அலை. டோசிலிசுமாப் கிடைக்காமல் ஜனங்கள் ஊர் ஊராக அலைந்த நாள்கள். அதுவரை எங்கள் லேபில் யாரும் கேட்டிராத இன்டர்லூகின்-6 பரிசோதனை தினமும் வந்தது. ஊசி கிடைத்துப் போட்ட ஒருவரின் மகன் இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஊசிக்கு முன்பு இருந்ததைவிடப் பின்பு பல மடங்கு கூடியிருந்தது. “இவ்வளவு செலவு பண்ணி வாங்கினது வேலை செய்யலையா மேடம்?” வேலை செய்வதால்தான் கூடுகிறது. ரத்தத்தில் திரியும் இன்டர்லூகின்-6 ஏற்பியில் போய் ஒட்டித்தான் அகற்றப்படுகிறது. ஏற்பிகளை மருந்து அடைத்துவிட்டால் அது போக இடமில்லாமல் ரத்தத்திலேயே சேரும். ஒசாகாவில் நிஷிமோட்டோவின் குழு இதை 2008-லேயே விளக்கிவிட்டது. அடலிமுமாப் போட்டவர்களுக்கும் இதே போல ரத்தத்தில் மொத்த டிஎன்எஃப் அளவு ஏறும். மருந்தோடு கட்டுண்டு கிடக்கும் செயலற்ற டிஎன்எஃப் அது. மகனிடம் இதைச் சொன்னேன். நம்பினாரா தெரியாது. அப்பாவின் ஆக்ஸிஜன் அளவு ஏறுகிறதா என்று கேட்டேன், ஏறுகிறது என்றார். அதைப் பாருங்கள் என்று அனுப்பினேன்.

மூட்டு டாக்டர் ஒரு முறை செக்குகினுமாப் பற்றிப் பேசினார். இன்டர்லூகின்-17-ஐ அடைக்கும் ஊசி. முதுகுக்கு நன்றாகக் கேட்கும். கண் டாக்டரம்மா தலையாட்டவில்லை. யுவியைட்டிஸ்காரர்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-17 கூடியிருப்பது ஆய்வகங்களில் தெரிந்த விஷயம்தான். கூடியிருக்கிறது, அடைத்துவிட்டால் சரியாகும் என்று நம்பி மூன்று பெரிய ஆய்வுகள் நடத்தினார்கள். 2013-இல் முடிவு வந்தபோது தோலடி ஊசியாகப் போட்ட செக்குகினுமாப், முக்கிய இலக்கில் வெறும் ஊசியை மிஞ்சவில்லை. எண்ணும் கூடியிருந்தது, எண்ணுக்குரிய மருந்தும் இருந்தது, கண்தான் கேட்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். லேப்காரியாக இருந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் துரோகம்.

சிஆர்பி, ஏஎன்ஏ இரண்டையும் தம்பிக்கு இப்போது வழக்கமாக எடுப்பதில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டுக்காகக் கல்லீரலைக் காட்டும் எஸ்ஜிபிடியும் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் மட்டும். அவன் பட்டறைக்குத் திரும்பிவிட்டான். ஸ்டீராய்டு கொண்டுவந்த புரைக்கு வலது கண்ணில் அறுவை முடிந்தது. கண் பல மாதம் அமைதியாக இருந்த பிறகுதான் அதற்கே சம்மதித்தார்கள். பொடிக் கல் பதிப்பதை மட்டும் இளையவர்களுக்கு விட்டுவிட்டான்.

போன தடவை அவன் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டான்: “எப்பம்மா நிறுத்தலாம்? ரத்தத்துல பாத்து ஏதாவது சொல்ல முடியுமா?”

“முடியாதுங்க. அப்படி ஒரு டெஸ்ட் இன்னும் இல்ல. நிறுத்தினா வருமா வராதான்னு எந்த ரத்தமும் இப்ப சொல்லாது. இடைவெளியைக் கூட்டிக் கூட்டித்தான் பாக்கணும்.” மூட்டு டாக்டர் நாலு வாரம் என்று எழுதியிருந்ததை அடித்து மூன்று வாரம் என்று எழுதினார். “செல் ஒண்ணு ரெண்டு தெரிஞ்சாலும் திரும்ப ரெண்டு வாரம். குத்தினா காத்திருக்கக் கூடாது, அன்னைக்கே வரணும்.”

தம்பி வெளியே வந்ததும் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். வருஷத்துக்கு 26 ஊசி 17 ஆகும். ஒன்பது ஊசிக் காசு மிச்சம், முதல்ல உன் பிஎஃப்க்குத்தான் என்றான்.